வயதான வீட்டு நாய்க்கு மூட்டு வலி: கவனிக்க வேண்டியவை

மரக்காணம் உப்பள வரப்பிலும், ஆரோவிலைச் சுற்றியுள்ள முந்திரித் தோப்பிலும், வானூர் பக்கத்து மல்லாட்டைக் கொல்லையிலும் நாய் வளர்க்காத வீடு குறைவு. எட்டு, பத்து வருடம் இரவெல்லாம் காவல் காத்த நாய் ஒரு நாள் திண்ணைப் படி ஏறத் தயங்கும். "வயசாயிடுச்சு, அதான்" என்று சொல்லிவிட்டு நாம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். வயது நோய் அல்ல. அந்த நாய் தயங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் வலி. அந்த வலியைக் குறைக்க வழி உண்டு, அதில் பாதிக்கு மேல் செலவில்லாதது.

எலும்பும் எலும்பும் சேரும் இடத்தில் மெத்தை போல ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஓடியும் குதித்தும் அது தேய்ந்து, மூட்டுக்குள் அழற்சி வந்து, ஓரங்களில் புது எலும்பு முளைக்கிறது. மனிதருக்கு வரும் முழங்கால் தேய்மானம் போன்றதுதான் இதுவும். தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது. ஆனால் தேயும் வேகத்தையும் வலியையும் குறைக்கலாம். ராஜபாளையம், லாப்ரடார் போன்ற பெரிய உடம்புக்காரர்களுக்கு ஏழு, எட்டு வயதிலேயே இது தெரிய ஆரம்பிக்கும். நாட்டு நாய்க்குச் சற்றுத் தாமதமாக வரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நாய் வலியை வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். கத்தவில்லை, அதனால் வலியில்லை என்று நினைப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு. காலையில் படுத்த இடத்தைவிட்டு எழும்போது பாருங்கள். முதல் பத்து அடி விறைப்பாக நடந்து, பிறகு சரியாகிவிட்டால் மூட்டைச் சந்தேகப்படலாம். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும் நொடியில் தலை மேலே எழும்பும். பின்னங்காலில் வலி இருந்தால் எழுந்திருக்க முன்னங்காலை ஊன்றி உடம்பை இழுக்கும், தொடைச் சதை வற்றிப்போகும். ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருப்பதும், வண்டியில் தாவி ஏறிய நாய் கீழேயே நின்று பார்ப்பதும் அடையாளங்கள்தான்.

இன்னொன்று, குணம் மாறும். சாதுவாக இருந்த நாய், பிள்ளைகள் இடுப்பில் கை வைத்தால் உறுமும். அதை அடிக்காதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள்.

எல்லா நொண்டலும் தேய்மானம் அல்ல

இந்தக் கடலோரத்தில் நாய்க்கு நொண்டல் வந்தால் முதலில் உண்ணிக் காய்ச்சலை நினைக்க வேண்டும். பழுப்பு நிற நாய் உண்ணி கடித்துப் பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத்தில் சேர்ந்தால் காய்ச்சல் வரும், ஈறு வெளுக்கும், சில நேரம் மூக்கில் ரத்தம் கசியும். மூட்டும் வீங்கும். இன்று இந்தக் கால், நாளை அந்தக் கால் என்று நொண்டல் இடம் மாறினால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் விடாதீர்கள். டாக்ஸிசைக்ளின் மாத்திரையைச் சுமார் நான்கு வாரம் கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் தேறிவிடும். இரண்டு நாளில் நாய் துள்ளுகிறதே என்று பாதியில் நிறுத்துபவர்கள் நிறைய. நிறுத்தினால் நோய் உள்ளேயே தங்கிவிடும்.

உண்ணி நாயின் மேல் மட்டும் இல்லை. சுவர் வெடிப்பிலும், கூரை இடுக்கிலும், நாய் படுக்கும் சாக்கிலும் முட்டையிட்டுப் பெருகும். அதற்காகக் கொல்லைக்கு வாங்கிய பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. அது நாயையே கொன்றுவிடும். நாய்க்கென்று இருக்கும் மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். மாட்டு உண்ணிக்கு வாங்கும் மருந்துகளில் சில பூனைக்கு நஞ்சு. வீட்டில் பூனை இருந்தால் இரட்டைக் கவனம் வேண்டும்.

ஒரு காலில் மட்டும் கெட்டியான வீக்கம் வந்து நாளுக்கு நாள் வளர்ந்தால் எலும்புப் புற்றாக இருக்கலாம், எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். தடுப்பூசி போடாத நாய்க்குத் திடீரெனப் பின்னங்கால் விழுந்து, எச்சில் ஒழுகி, தண்ணீர் விழுங்க முடியாமல் போனால் அதை மூட்டு வலி என்று எண்ணி வாயில் மாத்திரை திணிக்கப் போகாதீர்கள். வெறிநோயும் அப்படி வரும். கட்டி வைத்துவிட்டு, தள்ளி நின்று மருத்துவரை அழையுங்கள். கடியோ, புண்ணில் எச்சிலோ பட்டிருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும்.

எடைதான் முதல் மருந்து

அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை இரண்டு இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் 25 சதவீதம் குறைத்து மற்றதற்குக் கொடுத்து, சாகும்வரை கவனித்தார்கள். முடிவு 2002-ல் வெளியானது. அதிகம் தின்ற கூட்டத்தில் நடுத்தர ஆயுள் 11.2 வருடம், குறைவாகத் தின்ற கூட்டத்தில் 13 வருடம். மூட்டுத் தேய்மானமும் ஒல்லியான நாய்களுக்கு வருடக்கணக்கில் தள்ளி வந்தது. குளுக்கோசமைன் டப்பாவுக்கு மாதாமாதம் செலவழிப்பதைவிட ஒரு பிடி சோற்றைக் குறைப்பது பலன் தரும் என்பேன். குளுக்கோசமைன் கெடுதல் செய்யாது, ஆனால் அதனால் வலி குறைகிறது என்பதற்கு ஆதாரம் பலமாக இல்லை.

விலாவில் கை வையுங்கள். அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட வேண்டும், ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் துருத்தித் தெரியக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் சோற்றைக் குறையுங்கள். கூடவே முட்டையோ வெந்த கோழியோ கொஞ்சம் கூட்டுங்கள், சதை வற்றாமல் இருக்கப் புரதம் வேண்டும். கிழட்டு நாய் எலும்பும் தோலுமாக இருந்தால் நேர் எதிராகச் செய்ய வேண்டும், முதலில் பூச்சி மருந்தும் பல் பரிசோதனையும்.

கடலோரத்தில் நமக்கு ஒரு வசதி, மத்தி மீன். அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு மூட்டு அழற்சியைத் தணிக்கிறது, இதற்கு ஓரளவு நல்ல ஆதாரமும் உண்டு. உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் குக்கரில் முள் குழையும்வரை வேகவைத்து வாரத்தில் இரண்டு, மூன்று நாள் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். மீன் குழம்புச் சோறு வேறு விஷயம். அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். கருவாட்டில் உப்பு அதிகம், அதுவும் வேண்டாம்.

நடையும் படுக்கையும்

வலிக்கிறது என்று கட்டிப் போட்டால் மூட்டு இன்னும் இறுகும். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய்க்குத்தான் சதை சீக்கிரம் வற்றும். ஒரே மூச்சில் தூரம் நடத்தாமல், காலையும் மாலையும் பத்துப் பதினைந்து நிமிடம் நடத்துங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைத் தாரைவிட ஆரோவில் பக்கத்துச் செம்மண் பாதை கால்களுக்கு மென்மை. வெயில் ஏறிய பிறகு தாரில் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், ஐந்து எண்ணும்வரை வைக்க முடியவில்லை என்றால் நாயும் நடக்கக் கூடாது.

உப்பளத்துக்கு உங்களோடு வரும் நாய் என்றால், திரும்பியதும் நான்கு பாதங்களையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பாதம் வெடித்த இடத்தில் உப்புநீர் எரியும், நாய் காலை மாற்றி வைத்து நடக்கும், அந்தக் கோணல் நடை மூட்டைக் கெடுக்கும். நகத்தையும் பாருங்கள். அதிகம் நடக்காத நாய்க்கு நகம் வளர்ந்து விரலையே திருப்பிவிடும். பக்கவாட்டில் இருக்கும் ஐந்தாவது நகம் சுருண்டு சதைக்குள் குத்தியிருப்பதை முடி மறைத்திருக்கும்.

வழுவழுப்பான டைல்ஸ் தரை கிழட்டு நாய்க்கு எமன். நடக்கும் வழியில் பழைய கோணிச் சாக்கை விரியுங்கள். படி ஏற முடியவில்லை என்றால் பலகையில் சாக்கு சுற்றிச் சாய்த்து வைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத் தரையில் படுக்க விடாதீர்கள். மரப்பெட்டியோ பலகையோ போட்டு, அதன் மேல் சாக்கில் வைக்கோல் அடைத்து மெத்தையாக்குங்கள். வைக்கோலை வாரம் ஒருமுறை மாற்றாவிட்டால் உண்ணி குடியேறும்.

காலை விறைப்புக்கு உப்பு ஒத்தடம் நல்லது. கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து, உங்கள் முழங்கையின் உள்பக்கத்தில் வைத்து இதமான சூடுதான் என்று பார்த்த பிறகு, மூட்டின் மேல் பத்து நிமிடம் ஒற்றி எடுங்கள். முடிச்சை நாய்க்கு எட்டாமல் வையுங்கள். மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும்போது ஒத்தடம் கூடாது. நாம் பூசும் தலைவலித் தைலமும் கற்பூர எண்ணெயும் வேண்டாம், நாய் அதை நக்கிவிடும்.

நம் மாத்திரையைக் கொடுக்காதீர்கள்

இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் இரண்டும் நாயின் குடலில் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். கறுப்பாக மலம் போன பிறகு தூக்கிக்கொண்டு ஓடிப் பயனில்லாமல் போகலாம். பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். டைக்ளோஃபினாக்கை மாட்டுக்குப் போடுவதும் 2006 முதல் தடை. மருந்து ஏறிய மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததால் வந்த தடை அது.

நாய்க்கென மெலாக்சிகாம், கார்புரோஃபன் போன்றவை இருக்கின்றன. எடை பார்த்து, சிறுநீரகமும் ஈரலும் சரியா என்று ரத்தம் பார்த்து மருத்துவர் அளவு சொல்வார். சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். வாந்தியோ, பேதியோ, சாப்பிட மறுப்போ வந்தால் உடனே நிறுத்திவிட்டுக் கேளுங்கள். எங்காவது ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அதோடு இந்த மாத்திரை சேர்ந்தால் குடலில் ஓட்டை விழலாம்.

பூனை நொண்டாது. பரணுக்குத் தாவாது, முதுகை நக்கிச் சுத்தம் செய்யாமல் முடி சிக்குப் பிடித்திருக்கும். அதுதான் அறிகுறி.

எங்கே காட்டுவது?

முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம். நகர முடியாத நிலை என்றால் 1962-க்குப் பேசிப் பாருங்கள். எக்ஸ்ரே வரை போக வேண்டியிருந்தால் இந்தப் பகுதிக்கு எட்டும் தூரத்தில் புதுச்சேரி குரும்பாபேட்டிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காவலுக்கு உதவாது என்று கிழட்டு நாயை உப்பளத்திலோ சாலையோரத்திலோ விட்டுவிட்டு வருவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். எழவே முடியாமல், தின்னாமல், வலி அடங்காமல் கிடந்தால் வலியின்றி உயிர் பிரிய ஊசி போடுவது பற்றி மருத்துவரிடமே பேசலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போகும்போது கையிலுள்ள மருந்துச் சீட்டுகளையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் காலையில் நாய் எழுந்து நடக்கும் முதல் ஒரு நிமிடத்தைப் பக்கவாட்டிலிருந்து செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் பயத்தில் வலியை மறந்து அது நேராக நடந்துவிடும், மருத்துவர் பார்க்க வேண்டியது அந்த வீடியோவைத்தான்.