கேளிக்கைப் பூங்காச் சுற்றுலாவின் செலவு: புதுக்கோட்டை மாவட்டம்

தீம் பார்க் என்று வழங்கும் பெரிய கேளிக்கைப் பூங்காக்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்துக் குடும்பங்கள் சென்று வர ஆகும் செலவும், அது அவர்களுடைய வருமானத்துக்கு எட்டுகிறதா என்பதும் இக்கட்டுரையின் பொருள். நுழைவுச்சீட்டின் விலை எல்லா ஊர்க்காரருக்கும் ஒன்றுதான். புதுக்கோட்டையில் அதனோடு வேறு மூன்று சுமைகள் சேர்கின்றன. பூங்கா தொலைவில் இருக்கிறது. கூலி குறைவாக இருக்கிறது. விளையாடாதவருக்கும் தலைக்கு ஒரு சீட்டு வாங்க வேண்டியிருக்கிறது. இம்மூன்றையும் கணக்கில் எடுத்தால்தான் ஒரு நாள் உல்லாசம் ஏன் ஒரு பருவத்துச் சேமிப்பைக் கேட்கிறது என்பது விளங்கும்.

பின்னணி

இந்தியாவில் கேளிக்கைப் பூங்கா என்ற தொழில் 1980களில் வேர்விட்டது. தில்லியில் அப்பு கர் 1984-இலும், மும்பையில் எஸ்ஸெல் வேர்ல்டு 1989-இலும் திறக்கப்பட்டன. தமிழ்நாட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. கோல்டன் பீச் முன்னோடியாக இருந்தது. மலையாளத் திரைப்படத் தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சன் 1995-இல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவைத் தொடங்கினார். பின்னர் முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., பூந்தமல்லிக்கு அப்பால் குயின்ஸ்லேண்டு, மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர், மதுரை–திண்டுக்கல் சாலையில் பரவை அருகே அதிசயம் என்று பூங்காக்கள் பெருகின.

கொச்சியில் 2000-இல் வீகாலேண்டு என்ற பெயரில் பூங்கா தொடங்கிய வொண்டர்லா நிறுவனம், பெங்களூரு, ஐதராபாத், புவனேசுவரம் ஆகிய நகரங்களுக்குப் பிறகு 2025 டிசம்பரில் சென்னையை அடுத்த திருப்போரூர் வட்டம் இள்ளலூரில் தன் பூங்காவைத் திறந்தது. அதன் முதலீடு ஏறத்தாழ 611 கோடி ரூபாய். இவ்வளவு பணத்தைத் திரும்ப எடுக்க வேண்டிய தொழிலில் சீட்டின் விலை தாழ்வாக இருக்க இயலாது. வெளிநாட்டில் செய்து வரும் ரோலர் கோஸ்டர், நாள் முழுதும் ஓடும் நீரேற்றுப் பொறிகள், மின்கட்டணம், பராமரிப்பு, பாதுகாப்புப் பணியாளர் என ஒவ்வொன்றும் நுழைவுக் கட்டணத்தில் வந்து சேர்கிறது. பாதுகாப்பில் மட்டும் சிக்கனம் பிடிக்கக் கூடாது. ஆகவே பூங்கா தரமானதாக இருக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு விலை உண்டு என்பதை ஏற்கத்தான் வேண்டும். அந்த விலையை யாரால் கொடுக்க முடிகிறது என்பது அடுத்த கேள்வி.

தொலைவு

1974 ஜனவரி 14 அன்று திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவான புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்த வகைப் பெரும்பூங்கா இல்லை. பக்கத்து நகரங்களில் மதுரை சுமார் 110 கிலோமீட்டர். சென்னை 390 கிலோமீட்டர் அளவு. ராமேசுவரத்திலிருந்து சென்னை செல்லும் ரயில்கள் சில புதுக்கோட்டை வழியாகப் போகின்றன. அவற்றில் ஏறினால் ஓரிரவுப் பயணம். காலையில் தாம்பரத்தில் இறங்கி, குளித்து உடைமாற்றி, பேருந்தோ வாடகைக் காரோ பிடித்துப் பூங்காவுக்குப் போக வேண்டும். மாலையில் களைத்த பிள்ளைகளோடு மீண்டும் ரயில். அறை எடுத்துத் தங்கினால் அதற்குத் தனிச் செலவு.

சென்னைக் குடும்பத்துக்கு ஒரு பகலில் முடிகிற உல்லாசம், இம்மாவட்டத்து அறந்தாங்கிக் குடும்பத்துக்கு இரண்டு இரவும் ஒரு பகலும் ஆகிவிடுகிறது. அந்த நாட்களின் கூலியும் போய்விடுகிறது. மாதச் சம்பளக்காரருக்கு விடுப்பு உண்டு. நாட்கூலிக்குப் போகிறவருக்கும், கடலுக்குப் போகிறவருக்கும், மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவருக்கும் விடுப்பு என்பதே வருமான இழப்பு.

போக்குவரத்துச் செலவும் கூடியிருக்கிறது. 2018 ஜனவரியில் அரசுப் பேருந்துக் கட்டணம் உயர்ந்தது. 2025 ஜூலையில் ரயில் கட்டணம் சிறிது ஏறியது. மூத்த குடிமக்களுக்கு ரயிலில் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அப்பத்தாவையும் ஐயாவையும் அழைத்துக்கொண்டு போகிற குடும்பத்துக்கு இந்தச் சலுகை நின்றதுதான் பெரிய அடி.

சீட்டும் கூலியும்

ஒரு பொருளின் விலையை ரூபாயில் சொல்வதைவிட உழைப்பு நாட்களில் சொன்னால் உண்மை தெளிவாகத் தெரியும். சென்னை வொண்டர்லா திறக்கப்பட்டபோது அறிவிக்கப்பட்ட தொடக்கக் கட்டணம் 1,489 ரூபாய். அதே 2025–26 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். ஒரு சீட்டுக்கு ஏறத்தாழ நாலரை நாள் வேலை செய்ய வேண்டும். முழுக் கட்டணத்தில் நான்கு பேர் போனால் 5,956 ரூபாய், அதாவது ஏறத்தாழ 18 நாள் கூலி. நூறு நாளும் வேலை கிடைத்து, முழுக் கூலியும் கைக்கு வந்தால்கூட ஆண்டுக்கு 33,600 ரூபாய்தான். அதில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பூங்கா வாசலிலேயே கரைந்துவிடும். ரயிலும் சாப்பாடும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அந்த ஆண்டில் மாதம் 1,000 ரூபாயாக இருந்த கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை இதற்கென எடுத்து வைத்தாலும் சீட்டுக்கு மட்டும் ஆறு மாதத் தொகை வேண்டும்.

பூங்காக்கள் சலுகை தருவதும் உண்மை. இணையத்தில் முன்பதிவு செய்தால் தள்ளுபடி, அடையாள அட்டை காட்டும் கல்லூரி மாணவருக்குத் தள்ளுபடி, பள்ளிக் குழுக்களுக்குத் தனிக் கட்டணம் என்று பல உண்டு. குழந்தைகளுக்கான கட்டணத்தைப் பல பூங்காக்கள் வயதுக்குப் பதில் உயரத்தை அளந்து முடிவு செய்கின்றன. வாட்டசாட்டமாக வளர்ந்த பத்து வயதுப் பையன் பெரியவர் கட்டணத்தில் விழுந்துவிடக்கூடும் என்பதால் புறப்படும் முன்பே இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

வரி

2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது கேளிக்கைப் பூங்கா நுழைவுக்கு 28 சதவீதம் விதிக்கப்பட்டது. 2018 ஜனவரி 25 முதல் அது 18 சதவீதமாகக் குறைந்தது. 1,000 ரூபாய் அடிப்படைக் கட்டணம் வரியோடு 1,280 ரூபாயாக இருந்தது 1,180 ஆயிற்று. இதற்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் உண்டு. வொண்டர்லாவின் சென்னைத் திட்டம் பல ஆண்டுகள் தள்ளிப்போனதற்கு இந்த வரியும் ஒரு காரணம். தமிழ்நாடு அரசு பத்தாண்டு வரிவிலக்கு அளித்த பிறகே பணி வேகம் பெற்றது. இப்படி விட்டுக்கொடுத்தது பொதுமக்களின் வரிப்பணம். அதற்கு ஈடாகத் தொலைதூர மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சலுகை நாட்களைக் கேட்டுப் பெறுவது நியாயமான கோரிக்கை.

வாசலுக்கு உள்ளே

சீட்டு வாங்கிய பிறகும் செலவு தொடர்கிறது. பெரும்பாலான பூங்காக்களில் வெளி உணவுக்கு அனுமதி இல்லை. புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் துவையலும் கட்டிக்கொண்டு பயணம் போவது நம் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். அந்தக் கட்டுச்சோறு வாசலில் நின்றுவிடுகிறது. உள்ளே விற்கும் விலைக்குச் சாப்பிட வேண்டும். நீர் விளையாட்டுகளுக்கு நைலான் வகை உடை கட்டாயம். சேலையோடும் வேட்டியோடும் குளத்தில் இறங்க முடியாது. ஆகவே உடை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும். பொருள் வைக்கும் பெட்டகத்துக்கு வாடகை. வரிசையில் நிற்காமல் முந்திச் செல்லக் கூடுதல் விலைச் சீட்டு.

இவற்றுள் கடைசியது பணத்தைத் தாண்டிய ஒரு கேள்வியை எழுப்புகிறது. ஒரே விளையாட்டுக்கு இரண்டு வரிசை. விலை கொடுத்தவர் முன்னால் போக, 18 நாள் கூலியைச் சேர்த்து வந்தவரின் பிள்ளை வெயிலில் நின்று பார்க்கிறது.

பருவமும் பணமும்

மாவட்டத்தின் பெரும்பகுதி கண்மாய்ப் பாசனத்தையும் கிணற்றையும் நம்பியது. அறந்தாங்கி, ஆவுடையார்கோயில் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடை. சம்பா அறுவடையாகி நெல் விற்ற காசு தை, மாசியில்தான் வீட்டுக்கு வரும். பள்ளி விடுமுறையோ மே மாதம். அதற்குள் கடனும் வட்டியும் அடைபட்டு, அடுத்த மாதப் பள்ளிக் கட்டணமும் நோட்டுப் புத்தகமும் கண்முன் நிற்கும். பூங்காக்களில் கூட்டம் மிகுவதும் கட்டணம் உச்சத்தில் இருப்பதும் அதே கோடையில்தான். கையில் காசு இருக்கும்போது பள்ளி நடக்கிறது. பள்ளி மூடும்போது கை வெறுமையாக இருக்கிறது.

உலக நிலை

விலையேற்றம் இங்கு மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவில் 1955-இல் திறந்த டிஸ்னிலேண்டின் நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 1 டாலர். விளையாட்டுகளுக்குத் தனித்தனிச் சீட்டு. ஃபுளோரிடாவில் 1971-இல் திறந்த மேஜிக் கிங்டமில் ஏழு விளையாட்டுகள் அடங்கிய சீட்டுப் புத்தகம் 4.75 டாலர். அந்நாட்டின் அன்றைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.60 டாலர் என்பதால் மூன்று மணி நேர உழைப்பு போதுமானதாக இருந்தது. 2025 கிறிஸ்துமஸ் காலத்தில் அதே பூங்காவின் ஒரு நாள் சீட்டு 199 டாலரை எட்டியது. 2009 முதல் மாறாத 7.25 டாலர் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலியில் அது 27 மணி நேர உழைப்பு. 1999 முதல் இலவசமாக இருந்த வரிசை முந்தும் வசதியும் 2021-இல் கட்டணத்துக்கு மாறியது. நடுத்தரக் குடும்பத்தை நோக்கித் தொடங்கிய தொழில், வசதி படைத்தவரை நோக்கி மெல்ல நகர்ந்த கதை அது. தமிழ்நாட்டுப் பூங்காக்கள் அந்த வழியில் போகாமலிருக்க இன்னும் நேரம் இருக்கிறது.

திருவிழா ராட்டினம்

பூங்கா வருமுன் இந்த மாவட்டத்துக்குக் கேளிக்கை வேறு வடிவத்தில் இருந்தது, இன்றும் இருக்கிறது. மாசியில் திருவப்பூர், பங்குனியில் நார்த்தாமலை, கொன்னையூர் என மாரியம்மன் கோயில் திருவிழாக்கள் வரிசையாக வருகின்றன. அங்கே ராட்டினம், கொலம்பஸ் கப்பல், பிள்ளைகள் ஏறும் குட்டி ரயில், மரணக்கிணறு, பஞ்சுமிட்டாய், வளையல் கடை எல்லாம் கூடும். அறுவடைக் காசு வீட்டில் இருக்கும் மாதங்கள் அவை.

ராட்டினக்காரர் ஏறுகிறவரிடம் மட்டும் பணம் வாங்குகிறார். பேரன் ஏற, அப்பத்தா கீழே நின்று கையசைப்பதற்குக் காசு இல்லை. டிஸ்னிலேண்டிலும் 1982 வரை ஏறத்தாழ இதே முறைதான் இருந்தது. அதன் பிறகே எல்லாம் அடங்கிய ஒற்றைச் சீட்டு நிலைத்தது. ஒற்றைச் சீட்டு நாள் முழுதும் விளையாடும் இளைஞனுக்கு லாபம். முழங்கால் வலியோடு நிழல் தேடி உட்காரும் முதியவருக்கும், கைக்குழந்தைக்காரிக்கும் வீண் செலவு. கூட்டுக் குடும்பமாகவே வெளியே போகும் வழக்கமுள்ள ஊரில் செலவைக் கூட்டுவது பெரும்பாலும் இந்தத் தலைக்கட்டணமே. ராட்டினத்தின் பாதுகாப்புச் சோதனையை ஊராட்சிகளும் காவல்துறையும் கண்டிப்புடன் நடத்த வேண்டும் என்பதை இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும். விலை குறைந்த உல்லாசம் உயிருக்கு ஆபத்தானதாக இருக்கக் கூடாது.

மாவட்டத்துக்குள் எட்டும் இடங்கள்

சித்தன்னவாசலில் அறிவர் கோயில் ஓவியங்களும், ஏழடிப்பட்டத்துச் சமணப் படுக்கைகளும், அவற்றையொட்டிய பூங்காவும் படகுச் சவாரியும் உள்ளன. இந்தியத் தொல்லியல் துறை இந்நினைவிடத்துக்கு 2018-இல் நிர்ணயித்த கட்டணம் 25 ரூபாய். 15 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. திருமயம் கோட்டை, கொடும்பாளூர் மூவர் கோயில், குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் ஆகியவையும் ஒரு பகலில் போய்த் திரும்பக் கூடியவை. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லாப் பயணம் இருப்பதால், அவை ஓடும் தடங்களில் குடும்பச் செலவு இன்னும் குறைகிறது. கட்டுச்சோற்றைத் தடுப்பாரும் இல்லை.

ஆனால் ஓவியம் பார்ப்பதும் நீர்ச்சறுக்கில் வழுக்கி விழுவதும் பிள்ளைக்கு ஒன்றாகிவிடாது. பழமையைக் காட்டி, “உனக்கு இதுவே போதும்” என்று சொல்வது ஏழைப் பிள்ளையின் ஆசையை மதிப்பதாகாது.

எட்டச் செய்யும் வழிகள்

குடும்பங்கள் தாமே செய்யக் கூடியவை சில. வார நாளில் போவது, முன்கூட்டியே பதிவு செய்வது, பல குடும்பங்கள் சேர்ந்து வேன் எடுத்து மதுரை போன்ற அருகிலுள்ள நகரப் பூங்காவைத் தேர்வது, சீட்டு போட்டு மாதாமாதம் சேர்ப்பது ஆகியவை செலவைக் கணிசமாகக் குறைக்கும். பூங்காக்கள் செய்யக் கூடியவை: விளையாடாமல் உடன் வருவோருக்குக் குறைந்த கட்டணச் சீட்டு, குடிநீருக்கும் குழந்தை உணவுக்கும் தடையின்மை, அரசுப் பள்ளிகளுக்குத் தனி நாள். அரசும் நகராட்சியும் செய்யக் கூடியவை: மாவட்டத் தலைநகரிலேயே சிறிய நீர்விளையாட்டுப் பூங்கா, இருக்கும் பூங்காக்களில் உடைந்த ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் பழுதுபார்த்தல்.

கடைசியாகச் சொன்னதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பலன் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையோ மிக அதிகம். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நல்ல ஊஞ்சல் ஒன்று இருந்தால், ஆண்டில் எல்லா மாலையும் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு உரியதாகிவிடும். பெரிய பூங்கா வாழ்வில் ஒருமுறை போகும் விழாவாக இருந்துவிட்டுப் போகட்டும்.