கால் ஏக்கர் நிலமும் வீட்டுக் கால்நடையும்: இங்கிலாந்தின் சிறு வளர்ப்பு வரலாறு

முன்னுரை

இரண்டு வெள்ளாடு, ஐந்தாறு கோழி, ஒரு முயற்கூடு என்ற அளவில் கால்நடை வளர்ப்போரை இங்கிலாந்தில் இன்று பொழுதுபோக்குப் பண்ணையாளர் என்பர். வருவாய்க்கு வேறு தொழில் இருக்க, மனநிறைவுக்காக வளர்ப்பவர் என்பது அதன் பொருள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்போ, இத்தகைய சில கால்நடைகளே உழைப்பாளிக் குடும்பத்தின் பாலுக்கும் இறைச்சிக்கும் எருவுக்கும் ஆதாரமாக இருந்தன. பிழைப்பாக இருந்தது பொழுதுபோக்கானது எவ்வாறு? இம்மாற்றத்தை விலங்குகளின் வரலாறாக மட்டுமன்றி, நில உரிமையின் வரலாறாகவும் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பொதுமேய்ச்சல் நிலத்தின் மறைவு

தமிழகத்து ஊர்களில் மேய்க்கால் புறம்போக்கு இருந்தது போல, இங்கிலாந்தின் ஊர்களிலும் பொதுமேய்ச்சல் நிலங்கள் இருந்தன. ஆயினும் அவை அரசின் நிலங்கள் அல்ல. பெரும்பாலும் நிலவுடைமையாளருக்கு உரியவையாக இருந்த அவற்றில், ஊரார் சிலர்க்கு வழக்காற்று உரிமை மட்டும் இருந்தது. ஒரு பசுவையோ சில செம்மறிகளையோ மேய்க்கவும், விறகு பொறுக்கவும் அவ்வுரிமை இடந்தந்தது.

1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் நிறைவேற்றிய 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள் இந்நிலையை மாற்றின. அவற்றால் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்று மேல், வேலிக்குள் வந்து தனியுடைமையாயிற்று. எழுத்துமூலம் உரிமையை மெய்ப்பித்தவர் நிலத்துண்டு பெற்றனர். வழக்காற்றை மட்டும் நம்பியிருந்த எளியவர் பலர் ஒன்றும் பெறவில்லை. மேய்ச்சல் போனபின் பசுவும் போயிற்று. குடும்பம் கூலியை மட்டும் நம்பி வாழ நேர்ந்தது.

நூலும் சங்கமும்

இவ்விழப்பின் நடுவே வில்லியம் காபெட் எழுதிய ‘காட்டேஜ் எக்கானமி’ என்னும் நூல் 1822இல் வெளிவந்தது. ரொட்டி சுடுதல் முதல் பசு, பன்றி, தேனீ, ஆடு, கோழி, முயல் வளர்த்தல் வரை அது கற்பித்தது. முட்டைக்கோசும் கிழங்கும் பயிரிட்டால் 40 ராடு நிலத்தில், அதாவது கால் ஏக்கரில், ஒரு பசுவைப் பேணலாம் என்பது அவர் கணக்கு. பொதுநிலம் இழந்தவருக்குக் கொல்லைப்புறமேனும் வாழ்வளிக்கட்டும் என்ற நோக்கு அதில் தெளிவாகத் தெரிகிறது.

1879இல் பிரித்தானிய வெள்ளாட்டுச் சங்கம் தோன்றியது. பசு வளர்க்க இயலாத குடும்பத்திற்கு வெள்ளாட்டுப் பால் உதவும் என்பது அதன் முதன்மையான வாதங்களுள் ஒன்று. இவ்விடத்தில் இந்தியத் தொடர்பு ஒன்றும் உண்டு. நெடுங்கடற் பயணங்களில் பாலுக்காகவும் இறைச்சிக்காகவும் கப்பல்களில் ஆடுகளை ஏற்றுவது வழக்கம். இந்தியாவிலிருந்து வந்த ஜமுனாபாரிக் கிடாய்களும் எகிப்து முதலிய நாடுகளின் ஆடுகளும் உள்ளூர் ஆடுகளோடு கலந்து ஆங்கிலோ நுபியன் என்னும் இனம் உருவாயிற்று. அதன் தொங்கும் நீண்ட காதும் வளைந்த மூக்கும் இன்றும் அப்பிறப்பைக் காட்டுகின்றன.

போரும் பங்கீடும்

1908ஆம் ஆண்டின் சட்டம் உழைப்பாளருக்குப் பயிர்த்துண்டு வழங்கும் கடமையை உள்ளாட்சிகளுக்கு விதித்தது. 1922ஆம் ஆண்டின் சட்டம் பயிர்த்துண்டுத் தோட்டத்தின் உச்ச அளவை 40 போல் என வரையறுத்தது. போல் என்பது ராடு என்பதன் மறுபெயரே. காபெட் ஒரு பசுவுக்குக் கணக்கிட்ட அதே கால் ஏக்கர், சட்டத்தில் முதன்மையாகக் காய்கனி விளைக்கும் இடமாகிவிட்டது.

இரண்டாம் உலகப்போர் கால்நடையை மீண்டும் கொல்லைக்குக் கொணர்ந்தது. முட்டைப் பங்கீட்டை விட்டுக்கொடுத்த குடும்பங்களுக்குக் கோழித்தீவனம் கிடைத்தது. ஊர்தோறும் பன்றி வளர்ப்புக் கழகங்கள் எழுந்தன. சமையற்கழிவு தெருக்களில் தொட்டி வைத்துத் திரட்டப்பட்டது. இதன் தொடர்ச்சியாக, 1950ஆம் ஆண்டின் சட்டம், குத்தகை ஒப்பந்தம் தடுத்தாலும், வணிகத்திற்காக அன்றிப் பெட்டைக் கோழியும் முயலும் வளர்க்கலாம் என உறுதிசெய்தது. வெள்ளாடு அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

பொழுதுபோக்கும் பதிவேடும்

பங்கீடு 1954இல் முடிந்தது. உணவு மலிந்த பின் சிறு வளர்ப்பு தேவையிலிருந்து விருப்பத்திற்கு நகர்ந்தது. நகர்ப்புறத் தோட்டத்தில் ஆடு வளர்க்கும் தம்பதியரைக் காட்டிய ‘தி குட் லைஃப்’ தொலைக்காட்சித் தொடர் 1975இல் தொடங்கியது. தற்சார்பு பற்றிய ஜான் சீமரின் பெருநூல் 1976இல் வந்தது.

2001இல் பரவிய கோமாரி நோய் இவ்வரலாற்றின் அடுத்த திருப்பம். அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. முறையாகப் பதப்படுத்தாத உணவுக்கழிவைப் பன்றிக்கு இட்டதே தொடக்கம் எனக் கருதப்பட்டதால், அத்தீனி அவ்வாண்டே தடைசெய்யப்பட்டது. போர்க்காலத்தில் நாட்டுப்பணியாக இருந்தது குற்றமாயிற்று. இன்று ஒரேயொரு ஆடு வளர்ப்பவரும் நிலத்திற்குப் பதிவெண் பெற வேண்டும். இடமாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் ஒற்றைக் கோழிக்கும் பதிவு கட்டாயம்.

முடிவுரை

நோய் பரவாமல் காக்கப் பதிவேடு தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் சட்டத்தின் வினா மாறிவிட்டதை வரலாறு காட்டுகிறது. முன்பு மேய்க்கும் உரிமை யாருக்கு என்று கேட்டது. இன்று விலங்கு எங்கே நிற்கிறது என்று கேட்கிறது. முதல் வினாவுக்கு நிலமற்றவர் சார்பான விடை கிடைக்காததாலேயே, தோட்டமும் ஓய்வும் வாய்த்தவரின் பொழுதுபோக்காகச் சிறு வளர்ப்பு சுருங்கியது.

பிரித்தானியாவில் வாழும் தமிழருள் பலர் யாழ்ப்பாணத்து வளவுகளில் கிளுவை, பூவரசு வேலிகளிலிருந்து குழை ஒடித்து ஆடு வளர்த்த தலைமுறையினர். அங்கு வேலியே தீவனம். இங்கிலாந்திலோ வேலி தீவனத்தைப் பறித்தது. அடைப்புக் காலத்தில் உரிமை இழந்தோர் எழுத்துச்சான்று இன்மையால் இழந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. முதியோர் நினைவில் உள்ள குழைப்பெயர்களையும் வளர்ப்பு முறைகளையும் இன்றே பதிவுசெய்வது புலம்பெயர் ஆய்வாளரின் கடமையாகும்.