சரியும் குதிரைவீரன்

கி.பி. 348ஐ ஒட்டி ரோம் நகரம் தனது 1,100ஆவது ஆண்டைக் கொண்டாடியது. இரண்டாம் கான்ஸ்டான்ஷியஸும் அவன் தம்பி கான்ஸ்டன்ஸும் பேரரசைப் பங்கிட்டு ஆண்ட காலம். அப்போது சிறிது வெள்ளி கலந்த புது வெண்கலக் காசு ஒன்று வெளிவந்தது. நற்காலம் திரும்பிவிட்டது என்று அதில் லத்தீனில் பொறித்திருந்தார்கள்.

அலெக்சாண்டிரியா அக்கசாலையில் அடித்த காசு ஒன்றைப் பார்ப்போம். முன்பக்கம் முத்துப்பட்டம் கட்டிய பேரரசன் முகம். பின்பக்கத்தில்தான் உயிர் இருக்கிறது. தலைக்கவசம் அணிந்த ரோம வீரன் ஈட்டியைப் பாய்ச்சுகிறான். எதிரி குதிரையோடு சரிகிறான். குதிரையின் முன்கால்கள் மடிந்துவிட்டன. உயிர்ப்பிச்சை கேட்பவன்போல் எதிரி பின்னால் திரும்பிக் கையை நீட்டுகிறான். காசின் அடியில் அக்கசாலையைக் குறிக்கும் பொடி எழுத்துகள். விரல்நுனி அகலத்தில் ஒரு போர்க்களத்தையே வெட்டிய அச்சுக்காரனின் கைத்திறனுக்கு எந்தப் பளிங்குச் சிலையும் ஈடில்லை என்பேன்.

காசு பறைசாற்றிய நற்காலம் வரவில்லை. 350இல் படைத்தலைவன் மாக்னென்ஷியஸின் கலகத்தில் கான்ஸ்டன்ஸ் கொல்லப்பட்டான். 359இல் பாரசீக மன்னன் இரண்டாம் ஷாபூர் ரோமர்களின் அமிடா கோட்டையைப் பிடித்தான். சுமார் 5 கிராமில் தொடங்கிய காசு, பத்தாண்டுக்குள் அதில் பாதியாக இளைத்தது. வெள்ளியும் அநேகமாகப் போய்விட்டது. ஆனாலும் படம் மாறவில்லை. சுருங்கிய வட்டத்துக்குள் அதே வீரன் அதே எதிரியைக் குத்திக்கொண்டிருந்தான். தோற்கும் அரசுக்குத்தான் வெற்றிப் படம் அதிகம் தேவைப்படுகிறது.

காசையே சரக்காக்கி ஊர்விட்டு ஊர் கொண்டுபோய் விற்கக் கூடாது என்று கான்ஸ்டான்ஷியஸ் சட்டம் போட்டான். ஆனால் ரோமச் சில்லறை கடலையே கடந்தது. அலெக்சாண்டிரியாவிலிருந்து நைல் வழியே மேலேறி, பாலைவனம் தாண்டி, செங்கடல் துறையான பெரனிகேயில் கப்பலேறினால், பிறகு பருவக்காற்றுதான் துணை.

அகஸ்டஸ், திபேரியஸ் காலத்துப் பொன்னும் வெள்ளியும் மிளகுக்கு விலையாகத் தமிழகத்துக்கு வந்த கதை நமக்குப் பழக்கமானது. 4, 5ஆம் நூற்றாண்டுகளின் இந்தச் செப்புக்காசுகளை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. கரூரில் அமராவதி மணலிலும் மதுரையில் வைகை மணலிலும் அவை கிடைத்தன. நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றுக்கென்றே 1994இல் தனி நூல் எழுதினார். பல காசுகள் பேரரசனின் மூக்கும் எழுத்தும் மழுங்கும் அளவுக்குத் தேய்ந்தவை. பொன்னைப் புதைத்து வைப்பார்கள். இப்படித் தேய வேண்டுமானால் ஒரு காசு பல கை மாறியிருக்க வேண்டும்.

இலங்கையில் இவை இன்னும் ஏராளம். வந்த காசு போதாமல் உள்ளூரிலேயே அச்சு வெட்டி, ரோமக் காசுகளைப்போல அடித்துக்கொண்டார்கள். அந்தக் காசுகளில் லத்தீன் எழுத்துகள் வெறும் கோடும் புள்ளியுமாகிவிட்டன. பேரரசன் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. சந்தையில் காசு செல்லுபடியானது.