எதிரணிக்கும் உதிரிப்பாகம்

தம்பி தங்கைகளே, பள்ளி ரோபோ போட்டிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1989இல் டீன் கேமன் அமெரிக்காவில் ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பைத் தொடங்கினார். 1992இல் நியூ ஹாம்ப்ஷயரில், ஒரு பள்ளி ஜிம்மில் 28 அணிகள் மோதின.

போட்டியை வடிவமைத்ததில் எம்ஐடி பேராசிரியர் வூடி ஃபிளவர்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு. வகுப்பில் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பொருள்களைக் கொடுத்து, இயந்திரம் செய்து போட்டியிட வைத்தவர் அவர். கடுமையாகப் போட்டியிடலாம், எதிராளியை மதிக்கவும் வேண்டும் என்பது அவர் பரப்பிய பண்பு.

1999இல் அது ஆட்ட விதியிலேயே வந்தது. அணிகள் கூட்டணி சேர்ந்து ஆடின. இந்தச் சுற்றின் எதிரி அடுத்த சுற்றில் கூட்டாளி ஆகலாம். அதனால்தான் பக்கத்து அணிக்கு உதிரிப்பாகம் கொடுப்பது இங்கே வழக்கம்.

ஐடி வேலையில் நானும் பார்க்கிறேன்: கேட்டதும் கைகொடுப்பவரைத்தான் குழு தேடுகிறது. நீங்கள் அணியில் சேர்ந்தால், பக்கத்து மேசையையும் எட்டிப் பாருங்கள்.