இரத்தத்தை அளக்கப் போய்த் தண்ணீரை அளந்த வைத்தியர்

"சேர், நோன்புக் கஞ்சி ஆறின பிறகு கட்டியா நிக்குது. அகப்பையால நல்லாக் கிண்டினா இளகுது. சூடாக்கவும் இல்ல, தண்ணி ஊத்தவும் இல்ல. அப்ப அதுட பிசுக்குமை எவ்வளவு?"

பல வருடங்களுக்கு முன் உயர்தர வகுப்பில் ஒரு மாணவன் கேட்டது. "ஒரு திரவத்துக்கு, ஒரு வெப்பநிலையில், பிசுக்குமைக் குணகம் ஒரு மாறிலி" என்று சொல்லி, புவசேயின் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதி முடித்திருந்தேன். "அது பரீட்சைக்கு வராது, இரு" என்று அவனை இருத்திவிட்டேன். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அந்தக் கேள்வி மனதில் கிடந்து உறுத்தியதால்தான் புவசேயின் கதையையே தேடி வாசித்தேன். நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள்.

புவசேய் (1797–1869) பாரிஸ் நகரத்து வைத்தியர். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு விடயம்: உடம்புக்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது? 1828இல் தன் வைத்தியப் பட்டத்துக்கான ஆய்வில் இரசம் நிரப்பிய U வடிவக் குழாயை விலங்குகளின் நாடிகளோடு இணைத்து இரத்த அமுக்கத்தை அளந்தார். இன்றும் பிரஷர் பார்க்கும்போது மில்லிமீற்றர் இரசம் என்று சொல்கிறோமே, அந்தப் பழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது.

பிறகு தவளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். சிவப்பணுக்கள் குழாயின் நடுவே ஓடின. சுவரை ஒட்டி அணுக்கள் இல்லாத, ஏறத்தாழ அசையாத ஒரு மெல்லிய படை தெரிந்தது. இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள். கடைசியில் இங்கேதான் திரும்பி வரப்போகிறோம்.

கண்டதைக் கணக்காக்க வேண்டும் என்றால் கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் உடம்பை விட்டு வெளியே வந்த இரத்தம் உறைந்துவிடும். உறையாமல் வைக்கும் வழி அன்று அவர் கையில் இல்லை. அதனால் இரத்தத்தை விட்டுவிட்டுத் தண்ணீரை எடுத்தார். தலைமயிர் அளவுத் துளை கொண்ட குழாய்கள். அழுத்திய காற்றால் தண்ணீரைத் தள்ளி, குறித்த கனவளவு வெளியேற எடுக்கும் நேரத்தைப் பார்த்தார். அமுக்கத்தை மாற்றினார், நீளத்தை மாற்றினார், விட்டத்தை மாற்றினார், வெப்பநிலையை மாற்றினார். 1840களில் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்த முடிவு: பாயும் வீதம் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகித சமன். விட்டம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்கு! ஜேர்மனியில் ஹாகன் என்ற பொறியியலாளரும் பித்தளைக் குழாய்களை வைத்து 1839இலேயே இதே விதியை எட்டியிருந்தார். அதனால்தான் சில நூல்களில் ஹாகன்–புவசேய் என்று இரண்டு பெயரும் வருகின்றன.

(இடையில் ஒன்று. இவ்வளவு செய்த மனிதர் பிற்காலத்தில் பாரிஸ் பகுதிப் பாடசாலைகளின் சுகாதாரப் பரிசோதகராக இருந்திருக்கிறார். எங்கள் துறைக்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம்!)

விதியில் பிழை இல்லை. தண்ணீருக்கு அது பொருந்தும், எண்ணெய்க்கும் பொருந்தும். 1687இல் நியூட்டன் போட்டுவைத்த எடுகோள்தான் இதற்கு அடித்தளம்: அடுத்தடுத்த படைகள் ஒன்றின்மேல் ஒன்று எவ்வளவு வேகமாக வழுக்குகின்றனவோ, அந்த அளவுக்கே தடையும் இருக்கும். குழாயின் நடுவில் இந்த வழுக்கல் வீதம் பூச்சியம், சுவரில் மிக அதிகம். நியூட்டன் சொன்னபடி நடக்கும் திரவத்துக்கு அதனால் பாதகம் இல்லை, எங்கும் ஒரே பிசுக்குமை. ஆனால் வழுக்கல் வீதத்துக்கு ஏற்பக் குணம் மாற்றும் திரவம் என்றால்? சுவரில் ஒன்று, நடுவில் இன்னொன்று. குழாய் எல்லாவற்றையும் கலந்து ஒரே ஓர் எண்ணைக் கையில் தரும். எண் வந்துவிடும், அது எதனுடைய எண் என்று மட்டும் தெரியாது.

இதற்கு வேறு கருவி வேண்டியிருந்தது. 1880களின் இறுதியில் பிரான்ஸில் மோரிஸ் குவெட் ஓர் உருளைக்குள் இன்னோர் உருளையை வைத்து, நடுவே ஒடுங்கிய இடைவெளியில் திரவத்தை ஊற்றினார். வெளி உருளை சுழலும். உள் உருளை ஒரு கம்பியில் தொங்கும். திரவம் இழுக்கும் இழுவையில் கம்பி முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கத்தை அளந்தால் போதும். இடைவெளி ஒடுக்கமாக இருப்பதால் திரவம் முழுவதும் ஏறத்தாழ ஒரே வீதத்தில் வழுக்குகிறது.

ஏறக்குறைய அதே காலத்தில் ஒடெசா நகரில் ஷ்வேடோவ் என்ற பேராசிரியர் இதே மாதிரிக் கருவியில் ஜெலற்றீன் கரைசலை வைத்தார். நூற்றுக்கு அரைப் பங்கு ஜெலற்றீன்தான், மிச்சம் தண்ணீர். பார்வைக்குச் சாதாரணத் திரவம். ஆனால் சுழற்சியை நிறுத்திய பிறகும் கம்பியின் முறுக்கம் முழுதாக அவிழவில்லை. திரவம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது, ஒரு திண்மம் போல! வேகத்தைக் கூட்டினால் பிசுக்குமை குறைந்தது. என் மாணவனின் கஞ்சிக் கேள்விக்குரிய முதல் விடை அங்கே கிடைத்துவிட்டது. நான் பிறப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பே.

அமெரிக்காவில் இரசாயனவியலாளர் யூஜின் பிங்கம் 1916இல் களிமண் கலவைகளை ஆராய்ந்து, குறிப்பிட்ட அளவு விசைக்குக் கீழே அவை அசையவே மாட்டா என்று காட்டினார். 1919இல் கிறீனுடன் சேர்ந்து பெயின்டும் அப்படித்தான் என்று எழுதினார். பிரஷ் தேய்க்கும்போது ஓட வேண்டும், சுவரில் பூசியதும் நிற்க வேண்டும். தண்ணீர் போல நடந்தால் பெயின்ட் முழுக்க நிலத்தில்தான் கிடக்கும்.

பெயர் வைத்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. அன்று பிரித்தானிய ஆட்சியில் இருந்த பலஸ்தீனில் வேலை செய்த மார்க்கஸ் ரெய்னர் என்ற சிவில் பொறியியலாளர் 1928இல் பிங்கமிடம் வந்தார். பொறியியலாளரும் இரசாயனவியலாளரும் ஒரே பிரச்சினையில் வேலை செய்கிறோம், இதற்கு ஒரு தனித்துறை வேண்டும் என்றார் பிங்கம். அது ஏற்கனவே இருக்கிறதே, தொடரூடகப் பொறிமுறை என்றார் ரெய்னர். அந்தப் பெயரைக் கேட்டால் இரசாயனக்காரர்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று பிங்கம் மறுத்துவிட்டாராம். கடைசியில் கல்லூரியின் செம்மொழிப் பேராசிரியரிடம் கேட்டு, ஓடுதல் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து ரியோலொஜி என்ற பெயரை எடுத்தார்கள். 1929இல் அதற்கென ஒரு சங்கமே தொடங்கியது. கருவியின் பெயர் ரியோமீற்றர்.

1934இல் மூனியும் எவார்ட்டும் தட்டையான தட்டின்மேல் மிகச் சிறிய கோணமுள்ள கூம்பைச் சுழற்றும் அமைப்பைக் கொண்டுவந்தார்கள். வெளி ஓரத்தில் வேகம் அதிகம், ஆனால் இடைவெளியும் அதே விகிதத்தில் அதிகம். ஆகவே எந்தப் புள்ளியிலும் வழுக்கல் வீதம் ஒன்றே. சில துளி மாதிரி போதும். மெதுவாகச் சுற்றிக் கேட்கலாம், வேகமாகச் சுற்றிக் கேட்கலாம், முன்னும் பின்னும் ஆட்டி எவ்வளவு மீள்தன்மை, எவ்வளவு பிசுக்கு என்றும் பிரித்துக் கேட்கலாம். விடை ஓர் எண்ணாக வராது, ஒரு வளையியாக வரும்.

இனி இரத்தத்துக்கு வருவோம். 1931இல் சுவீடனில் பாரேயூஸ், லிண்ட்க்விஸ்ட் இருவரும் உறையாமல் வைத்த இரத்தத்தையே மெல்லிய குழாய்களில் ஓட்டினார்கள். விட்டம் ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றருக்குக் கீழே போகப் போக, இரத்தத்தின் பிசுக்குமை குறைந்துகொண்டே வந்தது. மாறிலி இல்லை! காரணம், சிவப்பணுக்கள் நடுவே ஒதுங்க, சுவரை ஒட்டி அணுக்கள் குறைந்த படை வழுக்கிக் கொடுக்கிறது. தவளையில் புவசேய் தன் கண்ணாலேயே கண்ட அதே படை. அவரது குழாயில் ஓடிய தண்ணீரில் அணுக்கள் இல்லை, அதனால் அவரது சமன்பாட்டில் அது வரவில்லை.

1960களில் கூம்பும் தட்டும் கொண்ட கருவியிலும் இரத்தம் ஏறியது. வேகமாக ஓடும்போது தண்ணீரைவிடச் சில மடங்குதான் தடிப்பு. மிக மெதுவானால் சிவப்பணுக்கள் அடுக்கிய நாணயங்கள் போல ஒன்றோடொன்று ஒட்டி, பிசுக்குமை பல மடங்கு ஏறிவிடுகிறது. வேகம் கூடினால் அடுக்குகள் கலைந்து மறுபடி இளகும். கஞ்சியில் அணுக்கள் இல்லை, மாப்பொருள் பிணைப்பு இருக்கிறது. அகப்பை செய்வதும் அந்தப் பிணைப்பைக் கலைப்பதுதான்.

பிசுக்குமைக்கு புவசேயின் பெயரால் ஓர் அலகு இருக்கிறது, பொய்ஸ். 20 பாகை செல்சியஸில் தண்ணீருக்கு அதில் நூறில் ஒரு பங்கு. இரத்தத்துக்கு எவ்வளவு என்று யாராவது கேட்டால், எந்த வேகத்தில் என்று நாங்கள் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்த கிழமை வகுப்பில் இந்தப் பாடம் தொடங்குகிறது. கஞ்சிக் கேள்வியை இம்முறை நானே கேட்பதாக இருக்கிறேன்.