ஜின்னுக்குள் கறிவேப்பிலை

மாவனல்லையைக் கடந்து கண்டிக்குச் செல்லும் வழியிலுள்ள வாசனைத் திரவியத் தோட்டங்கள் எனக்கு ஒரு மதுவின் வரலாற்றை நினைவூட்டுவதுண்டு.

ஒல்லாந்தரின் ஜெனீவர் தானிய மணம் மிக்கது. அதன் வழிவந்த லண்டன் டிரை ஜின் இனிப்பற்றது. இரண்டிற்கும் ஆதாரம் ஜூனிப்பர் காய். இரண்டாம் உலகப்போரின்போது (1939–45) இறக்குமதி மூலிகைகள் இலங்கையில் அரிதாயின. ராக்லண்ட் வடிசாலையின் கார்ல் டி சில்வா விஜயரத்ன, ஜூனிப்பர், கொத்தமல்லி, ஏஞ்செலிக்கா, அதிமதுரம் ஆகியவற்றோடு உள்ளூர்க் கறுவா, இஞ்சி, கறிவேப்பிலை மூன்றையும் சேர்த்து ஜின் வடித்தார். 'கொழும்பு ஜின்' என்ற பெயரில் அதுவே இன்று கடல்கடந்து விற்பனையாகிறது.

கறுவாவுக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இத்தீவில் போரிட்டனர். நமக்கோ, கப்பல் வராதபோதுதான் கொல்லைப்புறத்தின் அருமை புலப்பட்டது. மணம் தந்தபின் ஒதுக்கப்படுவதற்கு நாம் உவமையாக்கிய கறிவேப்பிலை, இங்கே பெருமைக்குரிய அடையாளமாயிற்று.