பயன்படுத்திய டீசல் மகிழுந்தைச் சோதித்தல்

பயன்படுத்திய டீசல் மகிழுந்தைச் சோதித்தல் என்பது, முன்பு வேறொருவரிடம் ஓடிய டீசல் மகிழுந்தை வாங்குவதற்கு முன்னர் அதன் பொறி, எரிபொருள் அமைப்பு, உடற்கூடு, ஆவணங்கள் ஆகியவற்றிலுள்ள குறைகளைக் கண்டறியும் செயல்முறை ஆகும். பெட்ரோல் மகிழுந்துக்குச் செய்யப்படும் சோதனைகள் பெரும்பாலும் இதற்கும் பொருந்தும். ஆயினும் டீசல் பொறி தீப்பொறியினால் அன்றி, அமுக்கப்பட்ட காற்றின் வெப்பத்தினால் எரிபொருளைப் பற்றவைக்கிறது. இதனால் அதன் பழுதுகள் பல, பொறி குளிர்ந்திருக்கும்போது மட்டுமே தெளிவாக வெளிப்படுகின்றன. நாளின் முதல் இயக்கத்தைப் பார்க்காமல் செய்யப்படும் சோதனை பாதிச் சோதனையே ஆகும். இக்கட்டுரை இந்தியாவில் விற்கப்படும் மகிழுந்துகளை முதன்மையாகக் கொண்டது.

பின்னணி

இந்தியாவில் 2014 அக்டோபர் வரை டீசலின் சில்லறை விலை அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. பெட்ரோலை விட அது கணிசமாக மலிவாக இருந்தமையால், நாள்தோறும் நெடுந்தொலைவு செல்வோர் டீசல் மகிழுந்துகளை விரும்பி வாங்கினர். ஃபியட் நிறுவனம் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் பொறி, மாருதி ஸ்விஃப்ட், டாட்டா இண்டிகா விஸ்டா, ஃபியட் புண்டோ எனப் பல நிறுவனங்களின் வண்டிகளில் இடம்பெற்றது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது மாருதி சுசூக்கி டீசல் மகிழுந்து உற்பத்தியைக் கைவிட்டது. எனவே இன்று சந்தைக்கு வரும் அந்நிறுவனத்தின் டீசல் வண்டி எதுவாயினும் பல ஆண்டுகள் ஓடியதாகவே இருக்கும்.

டீசல் வண்டியை வாங்குவதன் நோக்கம் எரிபொருட் செலவைக் குறைப்பதாகும். ஆனால் உட்செலுத்திகள், உயரழுத்த எக்கி, டர்போ ஆகியவற்றுள் ஒன்று பழுதானாலே, பல ஆண்டுகளில் மிச்சமாகக்கூடிய தொகை முழுவதும் அதற்குச் செலவாகிவிடக்கூடும். இவை மூன்றும் பார்வைக்குப் புலப்படாத உறுப்புகள் என்பதே வாங்குவோருக்கு உள்ள இடர்.

குளிர்ந்த பொறியை இயக்குதல்

பெட்ரோல் பொறியில் அமுக்க விகிதம் பொதுவாக 10:1 அளவில் இருக்கும். டீசல் பொறியில் இது ஏறத்தாழ 16:1 முதல் 22:1 வரை இருக்கும். இவ்வாறு அமுக்கப்படும் காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகி, அதனுள் தெளிக்கப்படும் டீசலை எரியச் செய்கிறது. உந்துதண்டு வளையங்களோ அடைப்பிதழ்களோ தேய்ந்திருந்தால் அமுக்கம் கசிந்து, காற்று போதிய அளவு சூடாவதில்லை. பொறி ஏற்கெனவே சூடாக இருந்தால் உலோகத்தின் வெப்பம் இக்குறையை ஈடுசெய்துவிடும். விற்பவர் வண்டியைச் சிறிது தொலைவு ஓட்டிக்கொண்டு வந்து காட்டினால், அவர் அறிந்தோ அறியாமலோ முதன்மையான சான்று மறைந்துவிடுகிறது. ஆகவே வண்டி நிற்கும் இடத்திற்குக் காலையில் செல்வதும், மூடியைத் திறந்தவுடன் பொறி குளிர்ந்துள்ளதா எனப் பார்ப்பதும் முதற்படி ஆகும். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதே நன்று.

சாவியை, பொறியை இயக்கும் நிலைக்கு முந்தைய நிலைக்குத் திருப்பும்போது சுருள் வடிவிலான முன்சூடாக்கி விளக்கும், பொறிப் பழுது விளக்கும் எரிய வேண்டும். முன்னது சில நொடிகளில் அணையும். பின்னது பொறி இயங்கியபின் அணையும். பழுது விளக்கு தொடக்கத்திலேயே எரியாதிருப்பது நல்ல அறிகுறி அன்று. அது வேண்டுமென்றே செயலிழக்கச் செய்யப்பட்டிருக்கலாம்.

நல்ல நிலையிலுள்ள பொறி ஓரிரு நொடிகளில் இயங்கத் தொடங்கும். நெடுநேரம் சுழற்றவேண்டியிருந்தால் மின்கலம், முன்சூடாக்கி, எரிபொருள் அழுத்தம், அமுக்கம் ஆகியவற்றில் ஒன்று குறைபாடுடையது. இங்கு இடத்தையும் கருத்திற் கொள்ளவேண்டும். உதகமண்டலத்தின் குளிர்காலக் காலையில் முன்சூடாக்கி பழுதான வண்டி அடம்பிடிப்பது இயல்பு. சென்னை போன்ற வெப்பமான ஊரில் முன்சூடாக்கியின் உதவியின்றியே பெரும்பாலான புதிய வகைப் பொறிகள் இயங்கிவிடும். எனவே அங்கு ஒரு வண்டி தயங்கினால், "ஹீட்டர் பிளக் மாற்றினால் சரியாகிவிடும்" என்ற விளக்கத்தை எளிதில் ஏற்கலாகாது. மின்கலம் நன்றாக இருப்பின் எரிபொருள் அழுத்தத்தையோ அமுக்கத்தையோ ஐயுறவேண்டும்.

புகை

புகையின் நிறம் பழுதின் வகையைக் காட்டும். கரும்புகை, எரிபொருள் மிகுந்து காற்று குறைந்ததன் விளைவு. அடைபட்ட காற்று வடிகட்டி, டர்போ குழாயில் கசிவு, திறந்தபடி சிக்கிக்கொண்ட கழிவுவளி மறுசுழற்சி அடைப்பிதழ், ஒழுகும் உட்செலுத்தி ஆகியவை இதற்குக் காரணமாகலாம். வெண்புகை, எரியாத டீசலாகவோ பொறிக்குள் கசிந்த குளிர்நீரின் ஆவியாகவோ இருக்கலாம். முன்னதற்குக் கண்ணை எரிக்கும் டீசல் நெடி உண்டு. நீலப்புகை, மசகெண்ணெய் எரிவதைக் குறிக்கும். இவற்றுள் நீலப்புகையே பெரும்பாலும் அதிகச் செலவு வைப்பது. அது டர்போவின் தடுப்பிகளையோ தேய்ந்த வளையங்களையோ சுட்டுகிறது.

மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் இருப்பது மட்டும் பொறியின் நலத்திற்குச் சான்றாகாது. அச்சோதனை சூடான பொறியில் செய்யப்படுவது.

பேக் கம்ப்ரஷன்

உந்துதண்டு வளையங்களைக் கடந்து எரிவளி எண்ணெய்த் தொட்டிப் பகுதிக்குள் கசிவதைத் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் 'பேக் கம்ப்ரஷன்' என்பர். பொறி மெதுவாக இயங்கும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால் இதனை அறியலாம். மெல்லிய ஆவி வருவது டீசல் பொறியில் இயல்பே. மூடியைத் தலைகீழாக அத்துளையின் மேல் வைத்தால் அது தூக்கியெறியப்படும் அளவுக்குப் புகை விசையுடன் வருமாயின், பொறியைப் பிரித்து வேலை செய்யவேண்டிய நிலை நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். கருவி எதுவும் தேவைப்படாத இச்சோதனையை விற்பவர் எவரும் நியாயமாக மறுக்க இயலாது.

எண்ணெயும் குளிர்நீரும்

டீசல் பொறியின் எண்ணெய் மாற்றிய சில நாட்களிலேயே கருத்துவிடும், இது குறையன்று. மாறாக, பால்போல் வெளுத்திருந்தால் குளிர்நீர் கலந்துள்ளது. அளவுக்கோலில் மேல்வரம்பைத் தாண்டி எண்ணெய் நின்று டீசல் மணமும் வீசினால், எரிபொருள் எண்ணெயில் இறங்கியுள்ளது. குளிர்நீர்க் கலத்தில் எண்ணெய்ப் படலமோ, பொறி இயங்கும்போது ஓயாத குமிழிகளோ காணப்பட்டால் பொறித்தலைக்கும் உருளைக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகடு பழுதாகியிருக்கலாம். சூடான பொறியில் குளிர்நீர் மூடியைத் திறத்தல் ஆபத்தானது.

எரிபொருள் அமைப்பு

பொது வழங்குகுழாய் முறையில், அதாவது காமன் ரெயில் முறையில், டீசல் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் தெளிக்கப்படுகிறது. மகிழுந்துச் சக்கரத்திலுள்ள காற்றின் அழுத்தம் 2 பாரை ஒட்டியதே என்பதுடன் இதனை ஒப்பிடலாம். இவ்வழுத்தத்தைத் தரும் எக்கிக்குப் பல வண்டிகளில் டீசலே மசகாகவும் பயன்படுகிறது. மண்ணெண்ணெய் கலந்த டீசலும், வடிகட்டியில் தேங்கிய நீரும் எக்கியின் உட்பரப்பைத் தேய்க்கின்றன. வடிகட்டியைக் கழற்றிப் பார்க்கையில் பளபளக்கும் உலோகத் துகள் தென்பட்டால், எக்கி அரைபட்டு அத்துகள் உட்செலுத்திகள் வரை சென்றிருக்கக்கூடும். அத்தகைய வண்டியை எவ்விலைக்கும் தவிர்ப்பதே தக்கது.

உட்செலுத்திகளைச் சோதிக்க, அவற்றின் திரும்புகுழாய்களைத் தனித்தனிக் குப்பிகளில் விட்டுப் பொறியைச் சில நிமிடங்கள் இயக்குவர். ஒரு குப்பியில் மட்டும் டீசல் மிகுதியாகச் சேர்ந்தால் அவ்வுட்செலுத்தி தேய்ந்துள்ளது. அனுபவமிக்க டீசல் பட்டறைகள் இதனைக் குறைந்த நேரத்தில் செய்து தருகின்றன.

ஓட்டிப் பார்த்தல்

மேட்டுச் சாலையில் மூன்றாம் கியரில் முழுவிசையுடன் செல்லும்போது, டர்போ தொடங்கியவுடன் இழுவை சீராக உயரவேண்டும். சங்கொலி போன்ற உரத்த ஊதல், இழுவைக் குறைவு, வேகத்தடை விதித்துக்கொள்ளும் பொறி ஆகியவை டர்போ அல்லது அதன் குழாய்களின் குறையைக் காட்டும். பொறியின் சுழற்சி உயர்ந்தும் வண்டியின் வேகம் உயராவிடில் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்சை மிதிக்கும்போது மாறும் கடகடவொலி, இரட்டைப் பொருண்மைச் சமனுருளை உள்ள வண்டிகளில் அதன் தேய்வைக் குறிக்கலாம். இதனை மாற்றுவது கிளட்ச் தட்டை மட்டும் மாற்றுவதை விடப் பன்மடங்கு செலவாகும்.

பாரத் ஸ்டேஜ் 6 டீசல் வண்டிகளில் துகள் வடிகட்டி உண்டு. அதில் சேரும் கரி, நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடும்போதே எரிந்து நீங்கும். நகருக்குள் குறுந்தொலைவே ஓடிய வண்டியில் அது அடைபடும். இங்கு, குறைவாக ஓடியது என்பதே குறையாகிவிடுகிறது. இத்தகைய வண்டியின் புகைக்குழாய் வாயின் உட்புறம் ஏறத்தாழத் தூய்மையாக இருக்கவேண்டும். விரலில் தடித்த கரி ஒட்டினால் வடிகட்டி உடைந்திருக்கலாம் அல்லது அகற்றப்பட்டிருக்கலாம். பழைய வண்டிகளில் கரி படிவது இயல்பு.

ஓட்ட அளவி

எட்டாண்டு ஓடிய டீசல் வண்டி 50,000 கி.மீ. மட்டும் காட்டினால் அதற்கு விளக்கம் தேவை. மின்னணு ஓட்ட அளவியும் மாற்றத்தக்கதே. தேய்ந்த மிதிக்கட்டை இரப்பர், வழவழப்பான திருப்புவளையம், அமுங்கிய ஓட்டுநர் இருக்கை ஆகியவை அளவியை விட உண்மையானவை. பணிமனைப் பதிவேட்டைக் கேட்டுப் பெற்று, ஒவ்வொரு பணியின்போதும் குறிக்கப்பட்ட தொலைவை ஒப்பிடுவது சிறந்த வழி.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் ஏற்பட்ட வெள்ளங்களில் ஏராளமான மகிழுந்துகள் நீரில் மூழ்கின. இத்தகைய வண்டிகளை இருக்கைத் தண்டவாளத்தின் துரு, விரிப்பின் அடியிலுள்ள வண்டல், பாதுகாப்புப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்தால் தெரியும் நீர்க்கறை ஆகியவற்றால் இனங்காணலாம். நீர் உட்புகுந்த நிலையில் பொறியை இயக்கினால், அமுங்காத நீர் இணைப்புத்தண்டை வளைத்துவிடும். டீசல் பொறியில் எரியறையின் இடம் மிகச் சிறியது என்பதால் சிறிதளவு நீரே இதற்குப் போதும். சற்றே வளைந்த தண்டுடன் பொறி பல மாதங்கள் ஓடிப் பின்னர் உடைவதும் உண்டு.

ஆவணங்கள்

பதிவுச் சான்றிலுள்ள பொறி எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் வண்டியிலுள்ளவற்றுடன் ஒப்பிடவேண்டும். கடனில் வாங்கிய வண்டியாயின், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35 நிதி நிறுவனத்திடமிருந்து பெறப்பட்டிருக்கவேண்டும். உரிமை மாற்றத்திற்குப் படிவம் 29, படிவம் 30 ஆகியவையும், வேறு மாநிலத்திற்கு மாற்றப் படிவம் 28 எனும் தடையில்லாச் சான்றும் தேவை. சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் வரை செல்லும். பின்னர் தகுதிச் சோதனையுடன் புதுப்பிக்கவேண்டும்.

தில்லித் தலைநகரப் பகுதியில் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வண்டிகள் ஓடத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தடை விதித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. இதன் நடைமுறை 2025-இல் நீதிமன்ற ஆணைகளால் தளர்வுகளுக்கு உள்ளானது. இத்தடையை ஒட்டி அங்கிருந்து பிற மாநிலங்களுக்கு மலிவாக வரும் வண்டிகளுக்கு, புதிய மாநிலத்தில் மறுபதிவு செய்து சாலை வரியும் செலுத்தவேண்டும். விலை பேசும்போது இத்தொகையையும் கூட்டிப் பார்த்தால், உள்ளூர் வண்டிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு பல வேளைகளில் சொற்பமே.